சீரியலை ஆராய்வது எப்படி: வாசிப்பதா, எண்ணுவதா, பார்ப்பவரிடம் கேட்பதா?

வெகுஜன நாவல்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வரும் சமூகப் பிரச்சினைகளை ஆராயும் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் விரும்பிப் படிப்பவன் நான். அவற்றில் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. நூறு பக்கத்துக்குக் கதாபாத்திரங்களை அலசிவிட்டு, முடிவுரையில் திடீரென்று "இத்தகைய தொடர்கள் பெண்களை அடங்கிப்போகப் பழக்குகின்றன" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பழகியதாகச் சொல்லப்படும் பெண் ஒருவரிடம்கூட யாரும் பேசியிருக்க மாட்டார்கள். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வில் அதற்கு ஆதாரம் இல்லை.

தலைப்பைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள், எந்த வழியில் ஆராயப்போகிறோம் என்பதை ஒரு மாலையில் முடிவு செய்துவிடுவதுதான் இதற்குக் காரணம். முன்னால் இருப்பவை நான்கு வழிகள். கதையை நுணுக்கி வாசிக்கலாம். நிறையக் கதைகளை எடுத்துக்கொண்டு எண்ணலாம். பார்ப்பவர்களிடமும் படிப்பவர்களிடமும் போய்க் கேட்கலாம். எழுதுகிறவர்கள், தயாரிக்கிறவர்கள் பக்கம் போய் விசாரிக்கலாம். கடைசிப் பக்கத்தில் என்ன வாக்கியம் எழுத ஆசைப்படுகிறீர்களோ, அதை எழுத இந்த நான்கில் எது இடம் கொடுக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேசுவதற்குக் கையில் ஒரு காட்சி இருந்தால் நல்லது. இது நான் உருவாக்கிய காட்சி, ஆனால் தொடர் பார்க்கும் யாருக்கும் புதிதாக இருக்காது. கணவன், மனைவி, கணவனின் அம்மா, தம்பி எல்லாரும் கூடத்தில் நிற்கிறார்கள். தனக்கு வேலை கிடைத்திருப்பதாக மனைவி சொல்கிறாள். கணவன் அவள் கன்னத்தில் அறைகிறான். அறை விழுந்த சத்தம் மூன்று முறை ஒலிக்கிறது. கேமரா ஒவ்வொருவர் முகமாகப் போய், மனைவியின் முகத்துக்குக் கடைசியில் வருகிறது. அதோடு அன்றைய எபிசோட் முடிகிறது. மறுநாள் அவன் தூக்கம் வராமல் தவிக்கிறான். ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கிறான், அவள் அழுதபடியே மன்னிக்கிறாள். அந்த வேலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரவேயில்லை.

வாசிப்பு

நுணுக்கி வாசிக்கிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். அறை விழுந்தது, அழுகை வந்தது, மன்னிப்பு வந்தது. இந்த மூன்றுக்கும் நடுவில் வேலை காணாமல் போய்விட்டது. அடித்தது தவறு என்று தொடர் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அடித்ததால் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் தடுக்க நினைத்தது தடுக்கப்பட்டுவிட்டது. அப்புறம், அடுத்த எபிசோட் முழுக்க யாருடைய வேதனையைக் காட்டுகிறது என்று பாருங்கள். அடிபட்டவள் ஓரமாக இருக்க, அடித்தவனின் தவிப்புக்குத்தான் நேரம் ஒதுக்கப்படுகிறது. இதையெல்லாம் எந்தப் புள்ளிவிவரமும் காட்டித்தராது. நல்ல வாசிப்புதான் காட்டும்.

கதை சொல்லப்படும் வடிவத்தையும் வாசிப்பால்தான் ஆராய முடியும். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களைப் பற்றி 1982-ல் எழுதிய டானியா மோட்லெஸ்கி, முடிவே இல்லாத கதை காத்திருத்தலையே சுகமாக்கிவிடுகிறது என்பதைக் கவனித்தார். நம் காட்சியிலும் எபிசோட் எங்கே வெட்டப்பட்டது என்பது முக்கியம். அவள் பதில் சொல்ல வேண்டிய நொடியில் வெட்டு விழுகிறது. மறுநாள் கதை வேறொருவரிடமிருந்து தொடங்குகிறது.

இந்த வழிக்குச் செலவு குறைவு, தனி ஆளாகச் செய்யலாம், இலக்கியம் படித்தவர்களுக்குக் கைவந்த கலை. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வருடம் ஓடிய தொடர் என்றால் கிட்டத்தட்ட 780 எபிசோட். அவ்வளவையும் யாரும் நுணுக்கி வாசிப்பதில்லை. தன் கருத்துக்குத் தோதான இருபது காட்சிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, தொடரே அப்படித்தான் என்று எழுதிவிடுவது சுலபம். தப்பிக்க ஒரு வழி உண்டு. எந்தக் காட்சிகளை எடுப்பது என்பதற்கான விதியைப் பார்க்கத் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். "நாயகியின் வேலை பேசப்படும் ஒவ்வொரு காட்சியும்" என்று விதி வைத்தால், உங்கள் வாதத்தைக் குலைக்கும் காட்சியும் உள்ளே வந்துதான் தீரும்.

இன்னொன்று. ஆய்வாளர் காட்சியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கிறார். வீட்டில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. டோரதி ஹாப்சன் 1982-ல் பிரிட்டனின் 'கிராஸ்ரோட்ஸ்' தொடரைப் பற்றி எழுதியபோது, பார்வையாளர்களின் வீடுகளுக்கே போய் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார். பல பெண்கள் கைவேலையை விடாமல் பாதி பார்த்து பாதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் முகமாக நகரும் கேமராவைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் அவர்களில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும் என்பது நியாயமான கேள்வி.

எண்ணிக்கை

வாசிப்பு, கதையில் இருப்பதைச் சொல்லும். இல்லாததை எண்ணிக்கைதான் காட்டும். ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய நீண்ட ஆய்வு இதற்குப் பேர்போனது. ஆண்டுதோறும் குறிப்பிட்ட வாரத்தின் நாடகங்களை எடுத்து, யார் வருகிறார்கள், யார் அடிக்கிறார்கள், யார் அடிபடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே போனார்கள். 1970-களில் மாலைநேரத் தொடர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்கள் என்ற விகிதம் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. தொடரைத் தனியாகப் பார்க்கும் எவருக்கும் இது உறைத்திருக்காது.

பிரேசில் உதாரணம் இதைவிடக் கூர்மையானது. எலியானா லா ஃபெரரா தலைமையில் மூன்று பொருளியலாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், குளோபோ தொலைக்காட்சி 1965 முதல் 1999 வரை ஒளிபரப்பிய 115 தொடர்களைப் பார்த்தார்கள். ஐம்பது வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் கதாபாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தையே இல்லை, 21 சதவீதம் பேருக்கு ஒரே குழந்தை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி அந்தத் தொடர்கள் பிரசங்கம் செய்யவில்லை. சின்னக் குடும்பத்தைக் காட்டிக்கொண்டே இருந்தன, அவ்வளவுதான். குளோபோ அலைவரிசை போய்ச் சேர்ந்த பகுதிகளில் பெண்களின் குழந்தைப்பேறு குறைந்திருந்தது என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார்கள். "இந்தத் தொடர்கள் சமூகத்தை மாற்றின" என்று எழுத ஆசைப்படுகிறவர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு இது ஓர் அளவுகோல். தனி மாணவர் செய்யக்கூடியது அதில் முதல் பாதியை மட்டும்தான்.

எண்ணுவது எளிது என்று நினைத்து இறங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறுவார்கள். நம் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறை ஒருமுறைதான் விழுந்தது. ஆனால் மறுநாள் முன்கதைச் சுருக்கத்தில் வருகிறது, கணவன் தவிக்கும்போது நினைவில் வருகிறது, மன்னிப்புக் காட்சியில் மறுபடி வருகிறது. இதை ஒன்று என்று கணக்கில் எடுப்பதா, நான்கு என்றா? சம்பவத்தை ஒன்றாகவும், திரையில் தோன்றியதை நான்காகவும் தனித்தனிப் பத்தியில் குறிப்பது நல்லது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பாக மாறலாம். வன்முறை எங்கே நடக்கிறது என்பதைவிட, எது திரும்பத் திரும்பக் காட்டத் தகுந்ததாகக் கருதப்படுகிறது என்பது அதில் தெரியும். சத்தம் போட்டு மிரட்டுவதும், நாள்கணக்கில் பேசாமல் இருப்பதும் வன்முறைக் கணக்கில் வருமா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அப்புறம், இன்னொருவர் அதே எபிசோடுகளைத் தனியாக உட்கார்ந்து குறியிட்டு, உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒப்புதலை அளக்க ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்த காப்பா அளவீட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சரிபார்ப்பு இல்லாத எண்கள் எனக்கு ஒருவரின் அபிப்பிராயமாகத்தான் படுகின்றன.

அலிசன் பெக்டெல் 1985-ல் தன் சித்திரக் கதையில் வேடிக்கையாகக் கொடுத்த சோதனை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பெண்கள் வர வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், ஆணைப் பற்றி அல்லாத பேச்சாக இருக்க வேண்டும். நூறு படங்களை எடுத்து எத்தனை தேறுகின்றன என்று பார்த்தால் அது ஒரு நல்ல கண்ணாடி. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, தேறிவிட்டது, ஆகவே இது பெண்களை மதிக்கும் படம் என்று எழுதினால் அர்த்தமே இல்லை.

கேட்பது

நால்வகையில் எனக்கு அதிகம் பிடித்தது பார்ப்பவர்களிடம் போவதுதான். நாம் நினைத்துக்கொண்டு போனதற்கு மாறானவை அங்கேதான் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் 1971-ல் தொடங்கிய 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரில் ஆர்ச்சி பங்கர் இனவெறி பிடித்த மனிதன். அவனைக் கேலிக்கு ஆளாக்கி வெறுப்பின் முட்டாள்தனத்தைக் காட்டுவதே தொடரின் நோக்கம். கதையை மட்டும் வாசித்தால் அந்த நோக்கம் பளிச்சென்று தெரியும். ஆனால் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் இருவரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கனவே பாரபட்சம் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியின் பக்கமே நின்றார்கள் என்று தெரிந்தது. அவன் கேலி செய்யப்படுவதாகவே அவர்களில் பலருக்குத் தோன்றவில்லை. உள்ளதைத்தான் அவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தூர்தர்ஷனில் 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை 156 எபிசோட் ஓடிய 'ஹம் லோக்' தொடரிலும் இதுதான் நடந்தது. பகவந்தி என்ற அம்மா பாத்திரம், எல்லாவற்றையும் சகித்துக்கொண்டால் என்ன கதி ஆகும் என்று காட்டுவதற்காகப் படைக்கப்பட்டது. அப்படி இருக்கக் கூடாது என்பதற்கான எடுத்துக்காட்டு அவள். அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் செய்த பார்வையாளர் ஆய்வில் கணிசமான பேர், பெண்கள் உட்பட, பின்பற்றத் தகுந்தவள் என்று அவளையே சுட்டினார்கள். எழுதியவர் நினைத்ததற்கு நேர் எதிர். ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பாடத்தை எடுத்துச் சொன்னபிறகும் இப்படி.

அனுப்பப்படும் பொருளும் பெறப்படும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் எழுதியது வெறும் கோட்பாடு இல்லை என்பதை இவை காட்டுகின்றன. சிலர் அப்படியே ஏற்பார்கள், சிலர் பேரம் பேசி ஏற்பார்கள், சிலர் எதிர்த்து வாசிப்பார்கள். யார் எப்படி என்பதை நம் மேசையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

நாவலிலும் அப்படித்தான். ஜானிஸ் ராட்வே 1984-ல் அமெரிக்கக் காதல் நாவல் வாசகிகளைப் பற்றி எழுதிய நூலில், கதைகள் பழைய குடும்ப அமைப்பையே கடைசியில் தாங்கிப் பிடிக்கின்றன என்ற வாசிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களிடம் பேசியபோது, கதையில் என்ன இருக்கிறது என்பதோடு, புத்தகத்தைக் கையில் எடுக்கும் செயலே அவர்களுக்கு முக்கியம் என்று தெரிந்தது. எல்லாருக்கும் எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அது தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்ட நேரம். இரண்டு முடிவையும் ஒரே நூலில் வைத்திருக்க அவருக்குத் தைரியம் இருந்தது.

இதற்குப் பெரிய பணம் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஐயென் ஆங் நெதர்லாந்தில் ஒரு பெண்கள் இதழில் சின்ன விளம்பரம் கொடுத்தார்: 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடர் பார்க்கப் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் அதை விசித்திரமாகப் பார்க்கிறார்கள், உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள் என்று. 42 கடிதங்கள் வந்தன. அவற்றை வைத்து எழுதிய நூல் 1982-ல் டச்சு மொழியிலும் 1985-ல் ஆங்கிலத்திலும் வந்தது. பணக்காரக் குடும்பத்தின் நம்ப முடியாத கதை, உணர்ச்சி அளவில் உண்மையாக இருக்கிறது என்று கடிதம் எழுதியவர்கள் சொன்னதை அவர் அலட்சியம் செய்யாமல் எடுத்துக்கொண்டார். நூலின் பலமே அதுதான்.

கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "இந்தத் தொடர் உங்களைப் பாதிக்கிறதா?" என்று கேட்டால், "என்னை இல்லை, மற்றவர்களைக் கெடுக்கும்" என்றுதான் பதில் வரும். ஃபிலிப்ஸ் டேவிசன் 1983-லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். அதற்குப் பதில், காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, பார்க்காத ஒருவரிடம் சொல்வதுபோல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். "எல்லார் முன்னாலயும் சொன்னா, அவனுக்குக் கோபம் வந்து அடிச்சுட்டான்" என்று ஒருவர் சொல்வார். "அவளுக்கு வேலை கிடைச்சுது, விடாம பண்ணிட்டான்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு வாக்கியத்திலும் நடந்தது ஒன்றுதான். முதலாவதில் காரணம் அவளிடம் இருக்கிறது, இரண்டாவதில் அவனிடம். வேலை என்ற சொல் யாருடைய பேச்சில் வருகிறது, யாருடையதில் வரவில்லை என்று பார்த்தாலே ஓர் அத்தியாயத்துக்கான சரக்கு கிடைத்துவிடும்.

தயாரிப்பாளர் பக்கம்

உள்ளே நுழைய அனுமதி கிடைத்தால் அருமையான வழி. 'ஹம் லோக்' தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டை நேரடியாக வலியுறுத்தியது. மக்களிடம் எடுபடவில்லை என்றதும், பதின்மூன்று எபிசோடுக்குப் பிறகு அந்தச் செய்தியைத் தணித்துக் குடும்பக் கதையை முன்னால் கொண்டுவந்தார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தொடரின் "கருத்தியலை" அலசினால், எழுத்தாளரின் கொள்கை என்று நாம் வாதிடுவது அவசரத்தில் எடுத்த முடிவாக இருக்கலாம். ஆனால் அனுமதி அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் பேட்டி கொடுப்பவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டுதான் பேசுவார்கள். ஏற்கனவே வெளிவந்த பேட்டிகளைத் துணைக்கு வைத்துக்கொள்வதோடு பெரும்பாலானவர்கள் திருப்திப்பட வேண்டியிருக்கும்.

யாருக்கு எது

ஆராயும் பொருள் நாவலா தொடரா என்பது நிறையத் தீர்மானிக்கும். நாவலுக்கு முதலும் முடிவும் உண்டு. முழுக்க வாசிக்கலாம், வாசித்ததைச் சரிபார்க்கலாம். ஆகவே வாசிப்பு அங்கே உறுதியாக நிற்கும். ஒரே எச்சரிக்கை: வெகுஜன நாவல்களில் இலக்கியத்தரமாக எழுதப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை வகைமாதிரியாக ஆக்கிவிடக் கூடாது. அந்த வகை எழுத்தில் சாதாரணமானவை இருபதைப் படித்து, மாறாமல் திரும்ப வருவது எது என்று பார்த்த பிறகுதான், அந்த ஒன்று எங்கே விலகுகிறது என்று சொல்ல முடியும். நெடுந்தொடருக்கு வாசிப்பு மட்டும் போதாது. சிறிய அளவிலாவது எண்ணிக்கை சேராவிட்டால், காட்சிகளைப் பொறுக்கினீர்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் இருக்காது.

பத்திரிகைக்கு ஒரு விமர்சனக் கட்டுரை எழுதுகிறவருக்கு வாசிப்பே போதும், "இந்தத் தொடர் இப்படிச் சொல்கிறது" என்பதைத் தாண்டாதவரை. ஒளிபரப்பு விதிகளையோ பிரதிநிதித்துவத்தையோ பற்றி வாதிடப்போகும் அமைப்புகளுக்கு எண்கள் வேண்டும், வாசிப்பை அங்கே யாரும் செவிமடுப்பதில்லை. கையில் சில மாதங்களும் வழிகாட்டி ஒருவரும் மட்டுமே உள்ள மாணவர், ஒரே ஒரு பிரச்சினையை, அதிலும் ஒரு துண்டை எடுத்துக்கொள்வது நல்லது. "பெண்கள்" வேண்டாம், "திருமணமான பெண்ணின் வேலை" போதும். அதை முப்பது எபிசோடுகளில் எண்ணி, ஐந்து காட்சிகளை நுணுக்கி வாசித்து, எட்டுப் பத்து பேரிடம் கதை சொல்லச் சொல்லிக் கேட்டால், நூற்றுக்கணக்கானவர்களிடம் வினாநிரலை நீட்டி "ஆம், இல்லை" வாங்குவதைவிடப் பல மடங்கு பயன் உண்டு. அந்தப் பத்துப் பேரும் உங்கள் வகுப்புத் தோழர்களாக இருக்கக் கூடாது. தொடரை உண்மையிலேயே பார்க்கிறவர்களைத் தேடிப் போக வேண்டும்.

எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் எண்ணிக்கையை விடுங்கள் என்பேன், தொடர் முழுக்க அப்படித்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்பதை விடுவதாக இருந்தால், மக்கள் மனத்தைப் பற்றிய வாக்கியங்களையும் சேர்த்தே விட்டுவிட வேண்டும்.

குடும்ப வன்முறை, சாதி, குடி போன்றவற்றைப் பற்றிக் கேட்கப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வேண்டும். காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று தன் வீட்டுக் கதைக்குத் தாவுவார். ஆகவே வீட்டார் யாரும் இல்லாத இடத்தில் பேசுங்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப் பேச்சு திரும்பினால் பதிவுக் கருவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் உதவி கேட்டால் யாரிடம் போகச் சொல்வது என்று முன்பே விசாரித்து வைத்திருங்கள். அந்தக் கதையை ஆய்வில் பயன்படுத்தலாமா என்று இன்னொரு நாள், அவர் நிதானமாக இருக்கும்போது, தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அது எவ்வளவு நல்ல சான்றாக இருந்தாலும் ஆய்வேட்டில் வரக் கூடாது.